கீழறைக்குப் போட்ட பூட்டு

“உள்ளுக்குப் போ தங்கச்சி, கெதியாப் போ! நகரசபையில இருந்து ஆக்கள் வந்திட்டாங்கள்!”

வீட்டுக்காரர் றம்ஸான் சத்தமில்லாமல் சத்தம் போட்டார். கீழறை வாசலில் குந்தி உடுப்புக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த ஜெயரூபி, வாளியை விட்டுவிட்டு எழும்பினாள்.

“நான் வேணுமெண்டா வெளியில எங்கயாவது போய் நிக்கிறன், றம்ஸான் நானா.”

“ரோட்டுக்கு ஏறினாக் கண்டிருவாங்கள். கொஞ்ச நேரந்தான். மூச்சுக் காட்டாத.”

அவள் உள்ளே போனதுதான் தாமதம், மனுசன் கதவைச் சாத்தி, வெளியில் பூட்டைப் போட்டு, திறப்பைச் சாரத்து மடிப்பில் செருகினார். பூட்டியிருந்தால் ஸ்டோர், திறந்திருந்தால் வீடு. அவ்வளவுதானே!

ஓர்ஸ் ஹில் சரிவில் கட்டின வீடு அது. ரோட்டில் நின்று பார்த்தால் சாதாரண வீடு. துறைமுகப் பக்கம் இறங்கினால்தான் அடியில் ஓர் அறை இருப்பது தெரியும். சபையிடம் அனுமதி கேட்டால் தரமாட்டார்கள் என்று, கேட்காமலே கட்டின அறை. வெருகல் பக்கத்தில் இருந்து வேலைக்கு வந்த ஜெயரூபி அதில் வாடகைக்கு இருந்தாள். தனிப் பொம்பிளைக்கு அறை இல்லை என்று ஊரே கைவிரித்தபோது, றம்ஸானின் மனைவி ஸாலிஹாதான் கூட்டிக்கொண்டு வந்து இருத்தினாள்.

கொஞ்ச நாளாக றம்ஸானுக்கு நித்திரை இல்லை. பக்கத்து ஒழுங்கையில் ஒருத்தர் இப்படித்தான் அறை வாடகைக்கு விட்டு, கோர்ட்டு, வழக்கு என்று அலைந்து, கடைசியில் கட்டினதைத் தானே இடித்துப்போட்டார். “அதுக்குள்ள இருக்கிற ஆளுக்கு ஏதும் நடந்தா, நீதான் கூண்டில ஏறணும்” என்று, கோர்ட்டில் வழக்குப் பேசுகிற தெரிந்த புறக்டர் ஒருவர் வேறு வெருட்டியிருந்தார்.

அதில் இருந்து ஜெயரூபியைக் கண்டாலே பயம். அறையை விட்டு எழும்பச் சொன்னால் சபைக்குப் பெட்டிசம் போடுவாளோ? சொல்லாவிட்டாலும் போடுவாளோ? “வாடகைக்கு இருக்கிற ஆக்கள எப்பிடி நம்புற?” என்று ஸாலிஹாவிடம் ஓயாத புலம்பல். அவள் அன்றைக்குக் கிண்ணியாவில், தங்கச்சி வீட்டில்.

மேலே ஏறி வந்தால், வாசலில் இரண்டு பேர். ஒருவர் கையில் ஃபைல். மற்றவர் தோளில் துவக்குக் குழல் மாதிரி நீளமாக ஒரு மெசின்.

“நானா, பக்கத்து வளவுப் பிள்ளைக்கு டெங்கு. நாங்க சுகாதாரப் பகுதி. புகை அடிக்கப்போறம், ஆக்களை வெளியில எடுங்கோ.”

அட, நுளம்புக்கு வந்த ஆக்கள்! இதுக்கா இந்த ஓட்டம் ஓடினேன் என்று அவருக்குச் சிரிப்பே வந்தது.

“நான் மட்டுந்தான் ஐயா.”

“கீழ?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபைலைக் கண்டதும் வாய் முந்திவிட்டது.

“கீழ ஸ்டோர். பழைய சாமான்.”

“ஸ்டோருக்குள்ளதான் நுளம்பு கூட. திறப்பைத் தாங்கோ.”

“திறப்பக் காணயில்ல.”

“பரவாயில்ல. யன்னலால அடிப்பம்.”

மெசின் உறுமிக்கொண்டு கீழே இறங்கியது. றம்ஸான் பின்னால் போனார்.

இப்ப தட்டுவாள். தட்டினால் முடிஞ்சுது கதை. அனுமதி இல்லாத அறை ஒரு வழக்கு. அதுக்குள் ஆளை வைத்துப் பூட்டினது இன்னொரு வழக்கு. யா அல்லாஹ், தட்டாமல் இருக்கட்டும்!

அவள் தட்டவில்லை.

வெள்ளைப் புகை யன்னல் கம்பிக்குள்ளால் குபுகுபு என்று உள்ளே போனது. வெளியில் நின்ற அவருக்கே தொண்டை எரிந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. அவளுக்கு முட்டு வருத்தம். மழைக்காலத்தில் அவள் மூச்சு இழுக்கிற சத்தம் மேல் குசினி வரைக்கும் கேட்கும்.

இன்னும் தட்டவில்லை.

‘தட்டன் புள்ள. ஒருக்காத் தட்டன்!’

ஒரு செருமல்கூட இல்லை.

“நிப்பாட்டுங்க! உள்ளுக்கு ஆள் இருக்கு!”

றம்ஸான் விழுந்தடித்து ஓடினார். அவசரத்தில் திறப்பு பூட்டுக்குள் போகவில்லை. ஃபைல்காரர்தான் பறித்துத் திறந்தார்.

புகைக்குள் ஜெயரூபி சுவரோடு சாய்ந்து, வாயில் துவாயோடு கிடந்தாள். வந்த இரண்டு பேருமாக அவளை வெளியில் தூக்கி வந்தார்கள். கண் செருகியிருந்தது. அவளுடைய பையில் இருந்த இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து அமத்த, அமத்த, மெல்ல மெல்ல மூச்சு வந்தது.

“ஆர் இவ?” என்றார் ஃபைல்காரர்.

“வாடகைக்கு இருக்கிறவ. அறைக்கு அனுமதி இல்ல. பூட்டினதும் நான்தான். எல்லாத்தையும் எழுதுங்க ஐயா.”

அவர் எழுதத்தான் தொடங்கினார். றம்ஸான் அதைப் பார்க்கவே இல்லை. ஜெயரூபிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்திவிட்டார். அழுகை வந்துவிட்டது.

“ஏன் தங்கச்சி ஒருக்காத் தட்டியிருக்கலாமே? மௌத்தாப் போயிருப்பியே!”

“தட்டினா வழக்கு உங்களுக்குத்தானே நானா,” என்றாள் அவள், இளைத்து இளைத்து. “இருமலையும் அடக்க ஏலாமப் போச்சு... அதான் துவாயை வாய்க்குள்ள அடைச்சனான்.”