நிறம் போன சாயம்

சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியில், சிவப்புச் சாயத்தை உடைக்கப் பெராக்சைடு என்ற வெளுப்பு மருந்தை ஊற்றினார்கள். நிறம் போனதும் பெராக்சைடு வேலையை நிறுத்திக்கொண்டது.

“அண்ணே, பாதிதானே உடைச்சிருக்கீங்க? என் துண்டுகள்ல இன்னும் விஷம் இருக்கே” என்றது சாயம்.

“கண்ணுக்குத் தெரியுதா? இல்லையே! அப்புறம் என்ன தம்பி? பார்க்க வர்றவர் நிறத்தைத்தானே பார்ப்பார்” என்றது பெராக்சைடு.

கழிவுநீரைச் சோதிக்க வந்த அதிகாரி கண்ணாடிக் குவளையில் தண்ணீரை மொண்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “பளிங்கேதான்!” என்று பாராட்டி, ஆற்றுக்குத் திறந்துவிடச் சொன்னார்.

ஆற்றில் கெண்டை மீனுக்கு மூச்சு முட்டியது. “சிவப்பு தெரிஞ்சா குஞ்சுகளை இழுத்துக்கிட்டு பக்கத்து ஓடைக்குள்ள ஓடிடுவேன். இப்போ எதைப் பார்த்து ஓடுறது?” என்று கதறியது.

“ஏன் ஓடணும் அக்கா?” என்றன சாயத்தின் துண்டுகள். “எங்களை அதிகாரியே பாராட்டிட்டாரே!”