பெற்றுக்கொண்டேன்

விமானம் ஏரியில் இறங்கி, மிதந்தபடியே துறையை ஒட்டி நின்றபோது, மகனைப் பார்க்க யூலாலி துறைப் பலகையின் கடைசி விளிம்பு வரை ஓடிவிட்டிருந்தாள்.

சிப்ரியனை மிஷன் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அவனுக்கு ஐந்து வயது. அனுப்பாவிட்டால் அப்பனுக்கு ஜெயில், கனடா சர்க்கார் ஒட்டாவாவில் போட்ட சட்டம் என்று போலீஸ்காரர் வாசலில் நின்று சொன்னார். அந்த அப்பனும் மறு வருடமே இருமி இருமிச் செத்துப்போனான்.

அதன்பின் ஒவ்வொரு குளிருக்கு முன்பும் மகனின் காலளவை மனதால் அளந்து, மூஸ் மான் தோலில் ஒரு ஜோடி செருப்பு தைத்துவைத்தாள். போட்டுக்கொள்ள ஆளில்லாமலே ஐந்து வருடம் போனது. கடைசி ஜோடியை இப்போது மார்போடு அணைத்திருந்தாள்.

முதலில் மிஷன் பள்ளிக்கூடத்துப் பிரதர் இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு பையன். ஒட்ட வெட்டிய தலை. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை.

யூலாலி நின்ற இடத்திலேயே நின்றாள்.

பிரதர் ஒரு காகிதத்தை நீட்டி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மீன் கடையில் வேலை செய்யும் இக்னாஸ் அதைத் தங்கள் கிரீ மொழியில் சொன்னான்.

"இது சிப்ரியன்தானேன்னு கேக்குறாரு அக்கா. 'பிள்ளையைப் பெற்றுக்கொண்டேன்'னு எழுதியிருக்காம். கையெழுத்துக்குப் பதிலா கீழ ஒரு சிலுவை போடணுமாம்."

அவள் பென்சிலை வாங்கவில்லை. பையன் பலகையின் இடுக்கில் தெரிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரதர் மேகத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி ஏதோ சொன்னார்.

"அஞ்சு வருசத்துல புள்ளைங்க முகம் மாறத்தான் செய்யுமாம். உனக்குச் சந்தேகம்னா திரும்பக் கூட்டிட்டுப் போயிடுறேங்கிறாரு." இக்னாஸ் குரலைத் தாழ்த்தினான். "நல்லாப் பாத்துச் சொல்லுக்கா."

யூலாலி பையனின் கன்னத்தைத் தொடக் கையை உயர்த்தினாள்.

அவன் சட்டென்று குனிந்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டான். சத்தம் போடவில்லை. அடி விழக் காத்திருந்தான். விழவில்லை என்றதும் முழங்கைகளுக்கு நடுவே ஒரு கண்ணால் அவளைப் பார்த்தான்.

விமானத்தின் கதவு திறந்தே இருந்தது.

"என் புள்ளதான்," என்றாள் யூலாலி. "பெத்தவளுக்குத் தெரியாதா? காகிதத்தைக் குடுக்கச் சொல்லு."

இக்னாஸ் பையனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு பிரதரிடம் தலையாட்டினான்.

அவள் அழுத்திப் போட்ட சிலுவையில் காகிதம் கிழிந்தது.

விமானம் மறைந்து, சத்தமும் அடங்கிற்று. நிறுத்திய இடத்தைவிட்டுப் பையன் அசையவில்லை. யூலாலி மண்டியிட்டு, விறைத்துப்போன பூட்ஸைக் கழற்றி, தோல் செருப்பை மாட்டிவிட்டாள்.

இக்னாஸ் தொப்பென்று பலகையில் உட்கார்ந்தான்.

"அக்கா, சின்னதுல சிப்ரியனோட ஒரு காதை என் நாய்தானே பிச்செடுத்துச்சு. ரத்தம் நிக்கிற வரைக்கும் நாந்தானே துணிய வச்சு அழுத்திக்கிட்டிருந்தேன்." அவன் விமானம் போன திசையைப் பார்த்தான். "நம்ம சிப்ரியன் எங்கக்கா?"

குளிர் காற்றில் சிவந்திருந்த பையனின் காதுகள் இரண்டும் முழுசாக இருந்தன.

செருப்பு வாரைக் கட்டப் பார்த்தாள். வார் நழுவியது. மறுபடியும் முயன்று, ஒரு வழியாக முடிச்சுப் போட்டாள். அவனுக்கு மொழி மறந்திருக்குமோ என்று ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகக் கேட்டாள்.

"பயப்படாத ராசா. அவங்க போயிட்டாங்க. உன் பேரு என்ன?"