பகாசுரன் வயித்துல இருந்தது

"போலீஸ் ஸ்டேஷன் கட்டினதாலதான் திருடன் வந்தான்னு சொல்வீங்களா மேடம்? நீங்க பேசறது அப்படித்தான் இருக்கு! என் செடி பூச்சியைத் தின்னுது. பெத்துப் போடலை!"

ஹாஸ்டல் சாப்பாட்டு ஹால்ல நூத்தி இருபது பொண்ணுங்களும் ரொட்டியைக் கையில பிடிச்சபடியே வாயைப் பிளந்து பார்த்துக்கிட்டிருந்தாங்க. வார்டன் கூட்டம் போட்டதே அந்த ரொட்டிக்காகத்தான். காலையில ஒருத்தி பிச்ச ரொட்டிக்குள்ள ஒரு வண்டு பக்குவமா வெந்து கிடந்தது.

வார்டன் விசாரிக்கவே இல்லை, நேரா தீர்ப்புதான். சமையல் மாஸ்டர் நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேணாம். பூச்சியை வரவழைக்கிற அந்த அசிங்கம் பிடிச்ச செடிங்க சாயங்காலத்துக்குள்ள குப்பைக்குப் போகணும்.

செடிக்காரி எழுந்து போய் வார்டன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கிட்டா. தாவரவியல் மூணாம் வருஷம். ஹாஸ்டல்ல வெச்ச பேரு சரவெடி. பத்தினா அதுவா ஓயணும், யாரும் நிறுத்த முடியாது.

"என்ன மேடம், செடிக்கு மேல எரியற லைட்டா? அது நானே செஞ்சது. பிளாஸ்டிக் கூடையைக் கவுத்து, உள்ளே அலுமினியத் தாளை ஒட்டி, நாலு சின்ன எல்.இ.டி. பல்பு மாட்டியிருக்கேன். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. வெயிலே எட்டிப் பார்க்காத ரூமைக் கொடுத்தது யாரு? என் செடிங்க வெளிச்சத்துக்கு எங்கே போகும், உங்க ரூமுக்கா?"

யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. வார்டன் திரும்பினதும் அத்தனை தலையும் தட்டுக்குள்ள.

"கொசுவா? கொசு வந்தா ஜொள்ளு சும்மா விடுமா மேடம்?"

ஜொள்ளுங்கறது இலை முழுக்கப் பசை சொட்டச் சொட்ட நிக்கற செடி. பகாசுரன்ங்கறது வாயைத் திறந்து வெச்சுக்கிட்டுக் காத்திருக்கறது. பூச்சி உள்ளே நடந்தா பட்டுனு மூடிக்கும். ரெண்டையும் அவ விதையிலேர்ந்து மூணு வருஷமா மழைத் தண்ணி பிடிச்சுப் பிடிச்சு வளர்த்திருக்கா. குழாய்த் தண்ணி ஆகாது, செத்துடும்.

"ஏய், தூக்கிட்டு வாடி!"

ரூம்மேட் ஒரு இடுப்புல பகாசுரனும் மறு இடுப்புல ஜொள்ளுமா, ரெட்டைக் குழந்தை பெத்தவ மாதிரி வந்தா.

"கடிக்குமாடி?"

"உன்னைக் கடிச்சா அதுக்குத்தான் வயித்துவலி. இங்கே வை."

சரவெடி பையிலேர்ந்து லென்ஸை எடுத்தா, இடுக்கியை எடுத்தா. "ஜீரணமாகறதுக்குள்ள திறந்தா இந்த வாய் கருகிடும் மேடம். உங்களுக்காகத் திறக்கறேன். பாவம் உங்களுக்குத்தான்."

மூடியிருந்த வாயைப் பிரிச்சா.

"இதோ! மாவு வண்டு! இந்தப் பக்கம் ஜொள்ளு மேல எண்ணிப் பாருங்க. பதினொண்ணு. அத்தனையும் மாவு வண்டு. காலைப் பாருங்க, மாவுகூட ஒட்டியிருக்கு. என் ரூமுக்கு நேர் கீழே என்ன இருக்கு? ஸ்டோர் ரூம்! அங்கேயிருந்து வெளிச்சத்தைப் பார்த்து மேலே ஏறி வந்திருக்கு. என் செடி குற்றவாளி இல்லை மேடம். சாட்சி!"

ஹால் அதிர்ந்தது. தட்டைத் தட்டினவங்க பாதி, கையைத் தட்டினவங்க பாதி. வார்டன் லென்ஸ்ல ஒரு தடவை பார்த்தாங்க. அப்புறம் செடியைப் பத்திப் பேச்சே எடுக்கலை.

கிச்சன் வாசல்ல நின்ன மாஸ்டர் மட்டும் கை தட்டலை.

"செடி தப்பிச்சதுல்ல? எடுத்துக்கிட்டுப் போம்மா. போதும்."

"உங்க வேலை போகுதேண்ணே! ஸ்டோர் ரூமை வாரம் ஒரு பொண்ணு முறை வெச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடணும்ல? அந்த நோட்டு எங்கே?"

"அது... காணோம்மா."

"அப்போ கக்கத்துல என்ன, தெர்மாமீட்டரா?"

மாஸ்டர் கையை இறுக்கினாரு. சரவெடிகிட்ட இறுக்கி என்ன பிரயோஜனம்? பிடுங்கி, பிரிச்சு, மைக்கிலேயே படிச்சா.

"'மாவு மூட்டையில் வண்டு உள்ளது. மாற்றித் தரவும்.' மாஸ்டர் எழுதினது! மூணு வாரத்துக்கு முன்னாடி! அதுக்குக் கீழேயே ஒரு மகராசி எழுதியிருக்கா: 'பார்த்தேன். எல்லாம் சரி.' கண்ணை எங்கேடி கழட்டி வெச்சுட்டு வந்தே? உன்னால ஒரு மனுஷனோட பொழைப்பு போகுது! வார்டன் விட்டாலும் நான் விட மாட்டேன். இரு, கையெழுத்தைப் பார்க்கறேன்..."

பார்த்தா.



மூணு வாரத்துக்கு முந்தின ஒரு காலை. அவ காதுல போன், போன்ல யார்கூடவோ சண்டை. ஸ்டோர் ரூம் வாசலைத் தாண்டவே இல்லை. மாஸ்டரைத் திரும்பச் சொல்லி, அவர் முதுகையே மேஜையாக்கிக் கிறுக்கின கையெழுத்து.

மாஸ்டர் பக்கத்துல வந்து குரலைத் தாழ்த்தினாரு. "நோட்டைக் கொடும்மா. எழுத்து புரியலைன்னு சொல்லிடு. நீ படிக்கிற பொண்ணு. எனக்கு வேற கிச்சன் கிடைக்கும்."

பின்னாலேர்ந்து கத்தினாங்க. "யாருடி அவ? சொல்லு!"

சரவெடி நோட்டைக் கொடுக்கலை. மைக்கை வாய்கிட்டக் கொண்டு போனா. இவ்வளவு நேரம் வார்டனைக் கேட்ட அதே குரல். துளி இறங்கலை.

"தாவரவியல் மூணாம் வருஷம், ரூம் நம்பர் பதினேழு! செடி வயித்துக்குள்ள இருக்கற வண்டோட கால் வரைக்கும் தெரியுது, மூட்டை மேல ஊர்ந்த வண்டு தெரியலையா உனக்கு? நூத்தி இருபது பேர் முன்னாடி, வார்டன் முன்னாடி, மாஸ்டர் முன்னாடி, இப்பவே பதில் சொல்லுடி!"