பாழுங்கிணற்றுக் குறுக்குவழி

ஷெரினின் உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. கையடக்கப் பெட்டியில் ஆடும் அந்தப் பழைய சாகச வீடியோ கேமை, உலகத்திலேயே சீக்கிரமாக முடித்துக்காட்ட வேண்டும். இரண்டு வருஷமாக அவளுக்கு அதே வெறி. இன்றைக்கு, இதோ, உலக சாதனையைவிடச் சில விநாடிகள் முந்திக்கொண்டிருந்தாள். இனி பாழுங்கிணறுதான் பாக்கி. கேமின் நாயகனான குட்டி வீரனை அதில் விழவைத்துச் சாகடித்தால், அரண்மனை வாசலில் உயிரோடு எழுந்து நிற்பான். காடு முழுக்க நடக்கிற நேரம் மிச்சம். ஆயிரம் தடவையாவது விழவைத்திருப்பாள்.

பட்டனை அமுக்கினாள். விளிம்புவரை ஓடியவன் சட்டென்று நின்றான்.

“பட்டன் தேஞ்சுபோச்சா?” தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த அறைத்தோழி பொற்கொடி பதறினாள். “நல்லா அமுக்குடி, எருமை!”

அமுக்கினாள். வீரன் ஓரடி பின்வாங்கினான். பிறகு திரும்பி, நேராக அவளைப் பார்த்தான். அந்த கேமில் அவனுக்கு முதுகையும் பக்கவாட்டையும் மட்டும்தான் வரைந்திருந்தார்கள். முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள்.

“ஐயோ, முந்தினதெல்லாம் போகுது! என்னத்தடி பாத்துக்கிட்டிருக்க?”

“பயப்படுறான்டி.”

“யாரு?”

ஷெரின் கட்டைவிரலைப் பட்டனிலிருந்து மெல்ல எடுத்தாள். திரை மூலையில் நேரத்தை எண்ணும் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அமுக்காமலே வீரன் கிணற்றைச் சுற்றிக்கொண்டு காட்டுப் பாதையில் நடக்க ஆரம்பித்தான். கொஞ்ச தூரம் போனதும், அவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தான்.