இக்னாஸின் தங்கப் பல்

"என் புருஷன் வாயில இருந்த தங்கப் பல் எங்கேய்யா?"

ரோசினா போட்ட சத்தத்தில் ஹால்ஸ்டாட் ஏரி மீன்களெல்லாம் ஒரு முழம் ஆழம் போயிருக்கும். தூரிகையோடு உட்கார்ந்திருந்த வெண்டலினுக்குக் காதுமடல் சிவந்தது.

முப்பது வருடமாக அவர்தான் ஊருக்கு வெட்டியான், அவர்தான் ஓவியர். கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாது. பத்து வருடம் ஆன குழியைத் தோண்டி, மண்டையோட்டை வெயிலில் வெளுக்க வைத்து, பெயரும் பூவும் தீட்டி அடுக்கிவைப்பார். பிணத்தின் பித்தளை மோதிரம்கூட அவர் பைக்குள் போனதில்லை.

மேசையிலிருந்த மண்டையோட்டில் 'இக்னாஸ்' என்ற பெயர் காய்ந்துகொண்டிருந்தது. நெற்றியைச் சுற்றி ஐவிக்கொடி, கீழே சோளக்கதிர் போல நெருங்கிய பல்வரிசை.

"நான் எடுக்கலைம்மா. குழியில தங்கமே கிடையாது."

"புளுகாதே. மூணு மாசம் ஏரியில ஊறின மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காம, கோட்டுப் பித்தானை மட்டும் பார்த்து, அவர்தான்னு சொல்லி, பல்லோடவே புதைச்சவ நான். இப்பவே பாதிரியார்கிட்டப் போறேன். பொழுது சாயறதுக்குள்ள உன்னை ஊரைவிட்டே துரத்தலேன்னா என் பேரு ரோசினா இல்ல."

இக்னாஸின் பல் லேசுப்பட்ட பல் அல்ல. மதுக்கடைச் சண்டையில் மேல்வரிசை முன்பல் பறிபோன ஓட்டையில், வியன்னா போய்க் கட்டிக்கொண்டது. அவன் சிரித்தால் விடிந்துவிட்டதென்று எதிர்க்கரைச் சேவல்கள் கூவும்.

வெண்டலினுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மண்டையோட்டைத் தூக்கி அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நான் பிடுங்கியிருந்தா ஓட்டை இருக்கணும்ல? எங்க, நீயே காட்டு."

அவள் மேல்வரிசையை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள். அத்தனையும் பிறவிப் பல். ஊசி நுழைய இடமில்லை. முதலிலிருந்து மறுபடி தடவினாள்.

"அப்படின்னா, இது..." என்று ஆரம்பித்தவரின் வாயை அவள் பார்வையே மூடிவிட்டது.

வெளியே படிக்கட்டில் அவளுடைய இரண்டாவது புருஷன் லொரென்ஸ், தோளில் கடைக்குட்டியோடு குரல் கொடுத்தான். "ரோசினா, முடிஞ்சுதா? பிள்ளைக்குப் பசிக்குது."

"இதோ, வந்துட்டேங்க."

மண்டையோட்டைப் பூப்போல மேசையில் வைத்தாள். குரலும் பூப்போல ஆகியிருந்தது.

"வெண்டலின் அண்ணே, பேரை இன்னும் கொஞ்சம் பெரிசா எழுதுங்க."