முந்நூற்று நாற்பத்தோராவது ஏற்றம்

மாற்று இதயம் பொருத்திய எட்டாம் மாதம், நிலோஃபர் முதன்முறையாக மலைச் சைக்கிள் ஓட்டினாள். கோத்தகிரிப் பாதையும் அவளுக்குப் புதிது. கியரைக் குறைத்துப் பாதி மேடு ஏறியபோது, இதயத்துடிப்பை அளக்க அவள் கட்டியிருந்த மார்புப் பட்டை பேசியது.

“இந்த இதயம் இங்கே ஏறுவது முந்நூற்று நாற்பத்தோராவது தடவை. வழக்கத்தைவிடப் பதினொரு நிமிடம் தாமதம்.”

பின்னால் வந்த கணவன் ஜாபர் சிரித்தான். “பட்டை ரிப்பேர் போல. கழட்டிடு.”

அவள் கழற்றவில்லை. இதயத்தைத் தந்தது யாரென்று மருத்துவமனை அவளுக்குச் சொன்னதே இல்லை.

ஒரு பாறையருகே பட்டை மறுபடி பேசியது. “வழக்கமாக நிற்கும் இடம்.”

நிலோஃபர் இறங்கினாள். மேகம் விலகி, பள்ளத்தாக்கு முழுவதும் வெயிலில் விரிந்தது. படபடத்துக்கொண்டிருந்த நெஞ்சு தானாக அடங்கியது.

“களைப்பா இருக்கா?” என்றான் ஜாபர்.

“இல்லங்க. அவங்க கொஞ்ச நேரம் பாக்கட்டும்.”