மாறனின் மழை

வயிறு வலித்தால் மாறன் "மழை" என்பான். முதன்முதலில் வலித்த அன்று வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வளர்ந்த பிறகும் அவனுக்கு வலியின் பெயர் அதுதான். வீட்டில் அது அவனுக்கும் அம்மா பூங்கோதைக்கும் மட்டுமே புரிந்த சொல்.

அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களைக் கவனிப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்க, மருத்துவக் கல்லூரியில் மாறனைப் போலவே பேசிச் சிணுங்கும் ஓர் இயந்திர உருவத்தைச் செய்தார்கள்; வயிறு வலித்தால் அதுவும் "மழை" என்றது. அவன் இறந்த பிறகும் ஊரின் இளம் டாக்டர்கள் எல்லோரும் அதனிடம்தான் படித்தார்கள்.

இன்று பூங்கோதை ஆஸ்பத்திரியில், டாக்டரின் அறையிலேயே காத்திருந்தாள். அவளுக்கு முன்னால், மாறனைப் போன்ற ஒரு சிறுமி அப்பாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எங்க வலிக்குது கண்ணு?" என்று டாக்டர் நிவின் கனிவாகக் கேட்டான்.

"மழை."

அவன் சட்டென்று அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தான்.

"காதுவலிங்க டாக்டர்," என்றார் அப்பா, குழம்பிப்போய்.

"வெளிய மழை பெய்யுது தம்பி. பாப்பா அதத்தான் சொல்லுது," என்றாள் பூங்கோதை.

நிவின் அசடு வழியச் சிரித்துவிட்டு, காதைப் பார்த்து மருந்து எழுதி அனுப்பினான்.

"உங்களுக்கு என்னம்மா பண்ணுது?"

மாறன் போனதிலிருந்து அவள் அந்தச் சொல்லை யாரிடமும் சொன்னதில்லை. இவனுக்குத் தெரியும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"மழை."

நிவின் ஜன்னலை எட்டிப் பார்த்தான்.

"நின்னுடுச்சும்மா."